ஆஃபியத்: ஒவ்வொன்றுக்கும் அதனதன் உரிமை

முன்பெல்லாம் வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் எழுதும் கடிதம், இங்கு எல்லோரும் ஆஃபியத், அங்கு உங்கள் ஆஃபியத்தை அறிய ஆவல் என்ற பொருளில்தான் தொடங்கும். மற்ற செய்திகளெல்லாம் அதற்குப் பிறகு. இப்போது கடிதம் போய் வாட்ஸ்அப் குரல்பதிவு வந்துவிட்டது. ஆனாலும் துஆவில் ‘ஸிஹ்ஹத், ஆஃபியத்’ என்று சேர்த்துக் கேட்கும் வழக்கம் போகவில்லை. ஸிஹ்ஹத் என்றால் உடல்நலம் என்பது பலருக்கும் தெரியும். பிறகு ஆஃபியத்தைத் தனியாக ஏன் கேட்கிறோம்?

நபி (ஸல்) அவர்களிடம் அவர்களுடைய சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்கள் வந்து, அல்லாஹ்விடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றைக் கற்றுத் தாருங்கள் என்றார்கள். ஆஃபியத்தைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. சில நாட்கள் கழித்து மீண்டும் வந்து கேட்டார்கள். அப்போதும் அதே பதில்தான். இம்மையிலும் மறுமையிலும் என்பது மட்டும் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. திர்மிதீயில் பதிவாகியிருக்கும் செய்தி இது. காலை, மாலை ஓதும் துஆ ஒன்றில் மார்க்கம், உலக வாழ்வு, குடும்பம், பொருள் ஆகிய நான்கையும் பெயர் சொல்லியே கேட்கிறோம். ஆக, காய்ச்சல் இல்லாமல் இருப்பது மட்டுமே ஆஃபியத் ஆகிவிடாது. மனிதன் எந்தெந்தப் பக்கத்திலிருந்து உடைய முடியுமோ அந்தந்தப் பக்கத்திலெல்லாம் காக்கப்படுவது அது.

இந்த விரிந்த பொருள் நம் நினைவிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் இமாமிடம் ஒதுங்கி வந்து பேசுகிறவர்களைக் கவனித்தால் தெரியும். “ஹஜ்ரத், பையன் ராத்திரி முழுக்கத் தூங்குறதில்ல, கொஞ்சம் ஓதிப் பாருங்க” என்பார் ஒருவர். “மருமக யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குது ஹஜ்ரத், ஏதாவது தாயத்து...” என்று தொலைபேசியில் இழுப்பார் ஓர் அம்மா. சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு ஓதிய தண்ணீரை மட்டும் குடிப்பவர் உண்டு. மறுபக்கம், மகனின் மனக்கலக்கத்துக்குப் புதிய பைக் வாங்கிக் கொடுத்துவிட்டு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் அத்தாவும் உண்டு. ஒரு கணக்கில் பட்ட கடனை வேறொரு கணக்கில் பணம் போட்டு அடைக்கப் பார்க்கிறோம். கடன் அங்கே அப்படியே நிற்கிறது.

ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் மதீனாவில் ஓர் இரவில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஹிஜ்ரத்துக்குப் பின் அவர்களையும் அபூ தர்தா (ரலி) அவர்களையும் நபியவர்கள் சகோதரர்களாக இணைத்திருந்தார்கள். ஒரு நாள் ஸல்மான் தம் சகோதரரைப் பார்க்கப் போனார்கள். வீட்டில் உம்முத் தர்தா (ரலி) கவனிப்பாரற்ற பழைய ஆடையில் இருந்தார்கள். என்னம்மா இது என்று கேட்டபோது, உங்கள் சகோதரருக்கு உலகத்தில் ஒரு தேவையும் இல்லையே என்று பதில் சொன்னார்கள். அபூ தர்தா வந்து விருந்தாளிக்கு உணவு வைத்தார்கள். தாம் நோன்பு என்றார்கள். நீங்கள் சாப்பிடாமல் நான் தொடமாட்டேன் என்று ஸல்மான் பிடிவாதமாக இருந்து சாப்பிட வைத்தார்கள். இரவில் அபூ தர்தா தொழ எழுந்தபோதெல்லாம் தூங்குங்கள் என்று தடுத்தார்கள். இரவின் கடைசிப் பகுதியில், இப்போது எழுந்திருங்கள் என்று சொல்லி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உன் மீது உரிமை உண்டு, உன் ஆன்மாவுக்கும் உண்டு, உன் குடும்பத்துக்கும் உண்டு, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடு என்பது அன்று அவர்கள் சொன்னதன் சாரம். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபியவர்களும் ஒப்புக்கொண்டார்கள். புகாரீயில் இருக்கிறது.

பயான்களில் இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது நோன்பையும் இரவுத் தொழுகையையும் பற்றித்தான் அதிகம் பேசுவோம். எனக்கு உம்முத் தர்தா அணிந்திருந்த அந்த ஆடைதான் மனதில் நிற்கிறது. அபூ தர்தாவின் வாழ்க்கையில் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை ஸல்மான் முதலில் கண்டுகொண்டது அவருடைய மனைவியைப் பார்த்துத்தான். நம் வீடுகளிலும் அப்படித்தான் நடக்கிறது. தூங்காத தகப்பனின் களைப்பு பிள்ளைகளின் முதுகில் அடியாக விழுகிறது. கணவனின் கடன் மனைவியின் ஒற்றைத் தலைவலியாக வெளியே வருகிறது.

உடலைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர்கள் நாள்தோறும் சொல்கிறார்கள்; நாமும் கேட்டுக்கொண்டே பரோட்டாவைப் பிய்த்துப் போடுகிறோம். கோபாலபுரத்தில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அந்த ஆய்வு. இரண்டாவது எண்ணைத்தான் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வாசலில் நிற்பவர்களில் பலர் உணவைக் குறைத்தும் நடந்தும் திரும்பிப் போக முடியும்.

நடப்பதற்கு இடமில்லை என்று இந்தப் பகுதியில் இருப்பவர்கள் சொல்ல முடியாது. மயிலாப்பூரில் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகரில் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும், கிழக்கே போனால் மெரினா. 2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது பெசன்ட் நகரில், 8 கிலோமீட்டர் நடைபாதையோடு. ஃபஜ்ர் தொழுத கையோடு நடக்கப் போனால் வெயிலும் இல்லை, நெரிசலும் இல்லை. ஆனால் முந்நூறு அடி தூரத்தில் இருக்கும் பள்ளிவாசலுக்கு ஸ்கூட்டரில் வந்து, அதே ஸ்கூட்டரில் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வதுதான் நம்மில் பலரின் வழக்கம். பள்ளிக்கு எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை என்று கேட்டு வளர்ந்த கூட்டம் நாம்! பெண்களின் நிலை இன்னும் மோசம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பதே போதும் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். நாலு பெண்கள் சேர்ந்து போனால் எந்தப் பூங்காவிலும் கூச்சமில்லாமல் நடக்கலாம். அழைத்துப் போய் விட்டுவர வீட்டு ஆண்களுக்கு அரைமணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

தூக்கத்துக்கு வருவோம். இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபியவர்கள் விரும்பவில்லை. நம் பிள்ளைகளுக்கோ இரவுச் சாப்பாடே பதினொரு மணிக்கு. அதற்குப் பிறகு போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை விடிய விடியப் படிக்கிறது என்று பெருமை பேசும் பெற்றோர், அந்தப் பிள்ளை படித்ததை மூளையில் பதிய வைப்பதே தூக்கம்தான் என்பதை அறிந்துகொள்வது நல்லது. நோன்பு மாதத்தில் மாத்திரையையும் இன்சுலினையும் சொந்த முடிவில் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கிறான். ரமளானுக்கு முந்தைய மாதமே மருத்துவரிடம் போய், நோன்பு வைக்கலாமா, வைத்தால் மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று கேட்டுவிடுங்கள்.

இனி உள்ளம். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

உடலுக்கு நோய் வந்தால் அனுதாபம் காட்டும் சமுதாயம், உள்ளத்துக்கு நோய் வந்தால் விசாரணை நடத்துகிறது. தொழுகிறாயா? குர்ஆன் ஓதுகிறாயா? ஈமானில் ஏதோ கோளாறு. சர்க்கரை கூடிப்போனவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கவலை வந்தாலே ஈமான் குறைந்துவிட்டது என்றால், யூசுஃப் (அலை) அவர்களை இழந்து கண்கள் வெளுத்துப் போகும்வரை அழுத யஅகூப் (அலை) அவர்களை என்னவென்று சொல்வது? அழகிய பொறுமை என்ற சொல்லை குர்ஆனில் சொல்பவர்களும் அவர்களேதான். பொறுமையும் கண்ணீரும் ஒரே நபியிடம் ஒன்றாக இருந்தன.

மர்யம் (அலை) அவர்களின் வரலாறு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிரசவ வேதனையில், தனிமையில், ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சத்தில், இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு வந்த பதிலைக் கவனியுங்கள். கண்டிப்பு இல்லை. கவலைப்படாதே, உன் காலடியில் நீரோடை இருக்கிறது, பேரீச்ச மரத்தை உலுக்கு, கனி விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு, மனிதர்கள் யாரிடமும் இன்று நீ பேச வேண்டியதில்லை என்ற பொருளில்தான் அங்கே ஆறுதல் அருளப்படுகிறது. தண்ணீர், உணவு, கேள்விகளிலிருந்து விடுதலை. செத்துப் போயிருக்கலாமே என்று ஒரு பெண் பிள்ளை நம் வீட்டில் சொன்னால், நாம் முதலில் எதைக் கொடுக்கிறோம்? பெரும்பாலும் ஒரு பயானை.

உள்ளத்துக்குத் தனி மருத்துவம் தேவை என்பது மேற்கிலிருந்து வந்த பேச்சு என்று நினைப்பவர்கள் அபூ ஸைத் அல்பல்கீயைப் படிக்க வேண்டும். இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் பல்க் பகுதியில் பிறந்து, கி.பி. 934-இல் மறைந்த அறிஞர் அவர். உடல்களின் நலன், ஆன்மாக்களின் நலன் என்று இரண்டையும் சேர்த்து ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்று ஒரு நூல் எழுதினார். உடல் நோய் சிலருக்கு வரும், சிலருக்கு வராது; கோபமும் கவலையும் பயமும் யாரையும் விடாது; அப்படியிருந்தும் மருத்துவர்கள் உள்ளத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பது அவருடைய வருத்தம். கவலையை அவர் இரண்டாகப் பிரித்தார். இன்ன இழப்பால் வந்தது என்று காரணம் தெரியும் கவலை ஒன்று. காரணமே இல்லாமல் வந்து அழுத்தும் கவலை இன்னொன்று. இரண்டாவதின் வேர் உடலில் இருக்கிறது, அதற்கு உடலுக்குரிய மருந்தும் வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு! அமைதியாக இருக்கும் நாட்களிலேயே ஆறுதலான எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பது போல என்றும் யோசனை சொன்னார்.

பல்கீ தனியாக எடுத்துப் பேசிய இன்னொரு நோய் வஸ்வாஸ். விட்டுவிட்டு வராமல், திரும்பத் திரும்ப வந்து மனதை அரிக்கும் எண்ணம். இதை நம் ஜமாஅத்துகளில் எளிதாகப் பார்க்கலாம். உளூச் செய்யப் போன பிள்ளை முக்கால் மணி நேரமாகக் குழாயடியிலேயே நிற்கும். கை நனைந்ததா, முழங்கை வரை போனதா என்று மறுபடியும் மறுபடியும் கழுவும். தக்பீர் கட்டிக் கட்டி அவிழ்க்கும். வீட்டார் முதலில் பக்தி என்று மகிழ்வார்கள், பிறகு ஷைத்தான் என்று திட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்குத் தன் செயல் அர்த்தமற்றது என்று தெரியும், நிறுத்த முடியாது. இமாம் இப்னு குதாமா (ரஹ்) போன்றவர்கள் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் கடந்து செல் என்பது ஃபிக்ஹ் தரும் சட்டம். அந்தச் சட்டத்தைக் கடைப்பிடிக்கும் வலிமையை மனநல மருத்துவரின் பயிற்சியும், தேவைப்பட்டால் மருந்தும் தரும். இரண்டுக்கும் இடையே சண்டை இல்லை. இமாமும் மருத்துவரும் ஒரே பிள்ளைக்கு ஒரே அறிவுரையைச் சொல்ல வாய்ப்புள்ள அபூர்வமான நோய் இது.

கல்வியும் புகழும் இருந்தால் இதெல்லாம் வராது என்பவர்களுக்கு இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் வாழ்க்கையே பதில். பாக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் தலைமை ஆசிரியர். வயது முப்பத்தேழு அளவில். கி.பி. 1095-இல் ஒரு நாள் பாடம் நடத்த நாவு எழவில்லை. உணவு இறங்கவில்லை. மருத்துவர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்கு வந்தது, உள்ளம் ஆறாமல் மருந்து வேலை செய்யாது என்று கைவிரித்தார்கள். அவர்கள் இதை மறைக்கவில்லை. தம் தன்வரலாற்று நூலிலேயே எழுதி வைத்தார்கள். குடும்பத்துக்குத் தேவையானதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பதவியை விட்டு டமாஸ்கஸ் போனார்கள். நம் காலத்து ஆலிம் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் நிர்வாகம் எத்தனை நாள் விடுப்புக் கொடுக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அப்படியானால் ஓதிப் பார்ப்பது கூடாதா? கூடும். ஃபாத்திஹாவையும் கடைசி மூன்று சூராக்களையும் ஓதி ஊதுவது சுன்னத். அதற்கு ஹஜ்ரத்தும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம், தாயே தன் பிள்ளைக்கு ஓதலாம். மருத்துவம் செய்யுங்கள் என்று சொன்னவர்களும் அதே நபியவர்கள்தான். இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றதைத் தடுப்பதுதான் தவறு. அந்தத் தவறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஆறாத புண் ஒன்று இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. தர்காவுக்கு வந்தால் குணமாகும் என்று குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போன மனிதர்கள் அவர்கள். எல்லா மதத்தவர்களும் அங்கே வருவார்கள். பிறகு அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பலர் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு அழைத்து வரப்பட்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. சங்கிலி இரும்பாக இருந்தால்தான் சங்கிலி என்று நினைக்க வேண்டாம். நிச்சயதார்த்தம் முடியும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்று பெண்ணை அறையில் வைத்துப் பூட்டும் குடும்பமும் அதைத்தான் செய்கிறது.

சென்னையில் இருப்பவர்களுக்கு அருகிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவே ஆர்.ஏ.புரத்தில் ‘ஸ்நேகா’ என்ற தொண்டு அமைப்பு 1986 முதல் இயங்கி வருகிறது. தற்கொலையைத் தடுப்பதற்காக மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. அங்கே தொலைபேசியை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அவர்கள் கண்டிப்பதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை. சொல்வதைக் கேட்கிறார்கள், கேட்டதை வெளியே சொல்வதில்லை. மதமோ பெயரோ விசாரிப்பது அவர்கள் வேலையில்லை.

இந்த முறைக்கு முன்னோடி ஒரு பாதிரியார் என்பது இமாம்களான எங்களுக்குச் சற்று உறைக்க வேண்டிய செய்தி. லண்டனில் சாட் வாரா என்ற கிறிஸ்தவ மதகுரு 1953-இல் இப்படி ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். ஆலோசனை சொல்லத் தாம் இருக்க, காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சிலரை உதவிக்கு வைத்தார். அந்த உதவியாளர்களிடம் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே மனம் இலேசாகித் திரும்பிப் போனவர்கள் பலர். அதைக் கண்டுகொண்டு சில மாதங்களிலேயே கேட்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். பேச்சையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும்.

ஸ்நேகாவின் இன்னொரு பணியால் நம் பிள்ளைகள் அறியாமலே பயன்பெற்றிருக்கிறார்கள். முன்பு பொதுத்தேர்வில் ஒரு பாடத்தில் தவறினாலும் ஓராண்டு போச்சு. முடிவு வெளியாகும் நாட்களில் மாணவர்களின் மரணச் செய்திகள் வரும். தவறியவர்கள் ஒரு மாதத்துக்குள் மறுதேர்வு எழுதி அதே ஆண்டு கல்லூரி சேர வழி செய்யுங்கள் என்று இந்த அமைப்பு அரசிடம் தொடர்ந்து வாதாடியது. 2000-களின் தொடக்க ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. துணைத்தேர்வு என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் பின்னால் இருக்கும் கவலை இதுதான். மன நலம் என்பது மனதுக்குள் மட்டும் முடிந்துவிடுவதில்லை. தேர்வு அட்டவணையிலும் இருக்கிறது.

தற்கொலை ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தை உயிரோடு இருப்பவரை மிரட்டவும், இறந்தவரின் குடும்பத்தை ஒதுக்கவும் பயன்படுத்துவது மார்க்கம் ஆகாது. அப்படி இறந்தவருக்கும் குளிப்பாட்டி ஜனாஸா தொழவைக்க வேண்டும் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபீ மத்ஹபிலும் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் தீர்ப்பு அதுவே. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த ஒருவர் நோயின் வேதனை தாங்காமல் தம் முடிவைத் தேடிக்கொண்டபோது, அவருக்காக நபியவர்கள் மன்னிப்பு வேண்டி துஆ செய்தார்கள் என்று முஸ்லிம் நூலில் வருகிறது. நாட்டுச் சட்டமும் மாறியிருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. போலீஸ் வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

பொருளாதாரம் பற்றி ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை ஆகிய எட்டிலிருந்தும் நபியவர்கள் அடிக்கடி பாதுகாப்புத் தேடியதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். மதரஸாவில் இதை ஓதிக் கொடுப்போம். கவலையும் கடனும் ஒரே மூச்சில் ஏன் வருகின்றன என்று பிள்ளைகள் கேட்பதில்லை. தி.நகரில் கல்யாணச் சாமான் வாங்கப் போகும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உஸ்மான் சாலையில் ஒரு பிற்பகலில் செலவழிந்தது, நகைக் கடனாக நாலைந்து ஆண்டுகள் வீட்டில் குடியிருக்கும். கடன் இருப்பதை மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் மறைத்து வைப்பவர்கள் அதிகம். குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான். யாருக்கு எவ்வளவு, எந்த மாதத்துக்குள் என்று ஒரு நோட்டில் எழுதி மனைவியிடம் காட்டிவிட்டாலே பாதி இரவுகள் தூக்கம் திரும்பும்.

தனிமை இந்தப் பகுதியில் கூடிக்கொண்டே போகிறது. அடையாறு, மந்தைவெளி அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகள் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்க, வயதான அத்தாவும் அம்மாவும் தொலைக்காட்சியோடு இருக்கிறார்கள். அத்தா ஐவேளைக்குப் பள்ளிக்கு வந்து நாலு பேரைப் பார்த்துவிடுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. வீட்டில் மய்யித் விழுந்தால் மூன்று நாள் சோறு வரும், ஆள் வரும். நாற்பது நாள் கழித்துத்தான் உண்மையான இழப்பு தெரியத் தொடங்கும். அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். துக்க வீட்டாருக்காகத் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியை ஆயிஷா (ரலி) அவர்கள் காய்ச்சச் சொல்வார்கள். அது கவலையுற்ற இதயத்துக்கு இதம் தரும் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிருந்தார்கள். ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சியோடு, நாற்பது நாளுக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் போய்ப் பாருங்கள்.

அறிவுக்கும் பசி உண்டு. திருவல்லிக்கேணியில் 1850 வாக்கில் முஹமதன் பொது நூலகம் உருவாகக் காரணமாக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். கோட்டூர்புரத்தில் 2010 முதல் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே உண்டு. விடுமுறை நாளில் பிள்ளைகளை மாலுக்கு அழைத்துப் போகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பிள்ளைகளோடு போகும் பெரியவர்களும் ஏதாவது ஒன்றை எடுத்துப் படிக்கலாமே.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில், உளூச் செய்யும் இடத்திலும் பெண்கள் தொழும் பகுதியிலும், இந்த எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஸ்நேகா: 044-24640050. மத்திய அரசின் டெலி-மானஸ்: 14416, 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண்: 104. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சீட்டு வாங்கி மற்ற நோய்களுக்குப் போவது போலவே போகலாம். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொல்வதை நினைவில் வையுங்கள்.

அழைத்தால் என்ன சொல்வது என்று பலர் தயங்குகிறார்கள். முழுக் கதையும் கோவையாகச் சொல்ல வேண்டியதில்லை. பெயர்கூடச் சொல்லாமல், “எனக்கு மனசு சரியில்ல” என்று தொடங்கினால் போதும். உங்களுக்காக இல்லாமல் மகனுக்காகவோ தங்கைக்காகவோ அழைக்கிறீர்கள் என்றால், எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு எப்படி, சாவைப் பற்றிப் பேச்சு எடுத்தாரா என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.